சக்கரம் கழன்ற செய்தி வந்தால் எதைத் திறப்பது? ஃப்ளைட்ரேடார்24, ஏவியேஷன் ஹெரால்ட்: ஒரு மதிப்பீடு

2024 அக்டோபர் 11 அன்று மாலை 5.40 மணியளவில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஐஎக்ஸ்613 விமானத்தில் ஹைட்ராலிக் (கியர், பிரேக் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறு ஏற்பட்டது. போயிங் 737-800 ரக விமானம். இரண்டரை மணி நேரம் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானில் சுற்றிவிட்டு, இரவு 8.15 மணியளவில் கிளம்பிய இடத்திலேயே பத்திரமாக இறங்கியது. அவ்வளவு நேரமும் தமிழ்த் தொலைக்காட்சிகளில் நேரலை ஓடியது. சக்கரம் உள்ளே போகவில்லை என்று ஒரு செய்தி, வெளியே வரவில்லை என்று இன்னொரு செய்தி. எரிபொருளை வானத்திலேயே கொட்டுகிறார்கள், விமானம் வயிற்றால் தரையிறங்கப் போகிறது என்றெல்லாம் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. உள்ளே இருந்தவர்களின் குடும்பங்களும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் எது நடந்திருக்கலாம், எது நடக்கவே முடியாது என்று வீட்டிலிருந்தே ஓரளவு பிரித்தறிய இரண்டு சேவைகள் இருக்கின்றன. ஒன்று, விமானங்களின் பாதையை நேரலையாக வரைபடத்தில் காட்டும், ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ளைட்ரேடார்24. இன்னொன்று, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து சைமன் ஹ்ராடெக்கி நடத்தும், விமானச் சம்பவங்களைப் பதிவுசெய்யும் ஏவியேஷன் ஹெரால்ட். இரண்டும் பல காரியங்களுக்குப் பயன்படும். இங்கே பார்க்கப்போவது ஒன்றைத்தான்: டயர், சக்கரம், லேண்டிங் கியர் (சக்கரங்களைத் தாங்கும் கால் அமைப்பு, சுருக்கமாகக் கியர்) பற்றிய செய்தி வரும்போது இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும்?

ஃப்ளைட்ரேடார்24: பாதை தெரியும், சக்கரம் தெரியாது

விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் ஏடிஎஸ்-பி என்ற முறையில் தன் இருப்பிடத்தை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். உலகெங்கும் தன்னார்வலர்கள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் சிறு ரிசீவர்கள் அதைப் பிடித்து அனுப்ப, நிறுவனம் அதை வரைபடமாக்குகிறது. அந்த ஒலிபரப்பில் இருப்பவை இருப்பிடம், உயரம், தரைவேகம், திசை, ஏறும் அல்லது இறங்கும் வேகம், விமானத்தின் அடையாளம், விமானி டிரான்ஸ்பாண்டரில் போடும் நான்கு இலக்க ஸ்குவாக் எண். கியர் இறங்கியிருக்கிறதா, எந்த ஹைட்ராலிக் அமைப்பு போயிருக்கிறது, டயரில் எவ்வளவு அழுத்தம் என்பவை அதில் கிடையாது. ஆகவே வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பற்றி யாராவது பேசினால், அந்தத் தகவல் வேறெங்கிருந்தோ வந்தது, அல்லது ஊகம்.

இதைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாம் இந்தச் சேவையின் பலம்தான். திருச்சி விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாதை ஒழுங்கான வட்டங்களாக, ஒரே உயரத்தில், சீரான வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், விமானம் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, விமானிகள் எதற்காகவோ நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள். எதற்காக? 737-800 அதிகபட்சம் சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம், ஆனால் இறங்கும்போது அதிகபட்சம் சுமார் 66 டன்தான் இருக்க வேண்டும். இந்த ரகத்தில் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்குத் தோராயமாக இரண்டரை டன் போகும். திருச்சி ஓடுபாதை ஏறத்தாழ 2,480 மீட்டர். ஹைட்ராலிக் பலம் குறைந்த விமானம் நிற்க வழக்கத்தைவிட நீளம் தேவைப்படலாம் என்பதால், எடையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. 'எரிபொருளைக் கொட்டுகிறார்கள்' என்ற செய்தியை உடனே தள்ளிவிட இந்த ஒரு விவரம் போதும். விமான ரகம் என்ன என்பதை ஃப்ளைட்ரேடார்24 கட்டணமில்லாமலே காட்டும்.

தவறாகப் படிக்க வாய்ப்புள்ள இடங்கள் சில உண்டு. முதலில், விமானம் வரைபடத்திலிருந்து மறைவது. ரிசீவருக்கும் விமானத்துக்கும் நடுவே நேர்க்கோட்டுப் பார்வை இருந்தால்தான் சமிக்ஞை கிடைக்கும். விமானம் தாழ இறங்க இறங்க, அருகில் ரிசீவர் இல்லாத ஊர்களில், சில ஆயிரம் அடியிலேயே சமிக்ஞை அறுந்துவிடும். இது தினமும் நடக்கும் சங்கதி. 'ரேடாரிலிருந்து மறைந்தது' என்று செய்தி போடுவது அப்பட்டமான தவறு, ஏனென்றால் விமான நிலையத்தின் ரேடாருக்கும் இந்த வரைபடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தது உயரம். காட்டப்படுவது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட உயரம். அன்றைய அழுத்தம் 1008 என்றால், உண்மையைவிடச் சுமார் 140 அடி கூடுதலாகக் காட்டும். 'ஓடுபாதைக்கு மேல் இன்னும் இத்தனை அடி இருந்தது' என்று வாதிடும் பதிவுகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. வேகமும் அப்படித்தான். அது தரைவேகம், காற்றில் விமானத்தின் வேகம் அன்று. பலத்த எதிர்க்காற்று இருந்தால் இறங்கும் வேகம் அபாயகரமாகக் குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

ஸ்குவாக் 7700 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 7700 என்றால் பொது அவசரநிலை, 7600 என்றால் ரேடியோ வேலை செய்யவில்லை, 7500 என்றால் கடத்தல். 7700 விழுந்தால் செயலியிலேயே எச்சரிக்கை வரும், ஆயிரக்கணக்கானோர் அந்த விமானத்தைப் பின்தொடரத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் டயர் வெடித்த எல்லா விமானமும் 7700 போடாது. கட்டுப்பாட்டு அறையோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் விமானி எண்ணை மாற்ற வேண்டிய தேவை பல நேரம் இருக்காது. ஆகவே 7700 இல்லை என்பதால் பிரச்சினை இல்லை என்றாகாது. 7700 இருக்கிறது என்பதால் உயிராபத்து என்றும் ஆகாது. பயணி ஒருவருக்கு மாரடைப்பு வந்தாலும் சில விமானிகள் அதே எண்ணைத்தான் போடுவார்கள்.

பயன்படுத்தும் முறை எளிது. விமான எண்ணைத் தேடுங்கள். அதிலிருந்து பதிவு எண்ணை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விமான எண்ணில் நாளைக்கு வேறொரு விமானம் பறக்கும், பதிவு எண்தான் குறிப்பிட்ட அந்த விமானத்தைச் சுட்டும். பிறகு அந்தப் பதிவு எண்ணின் வரலாற்றைத் திறந்து, சம்பவத்துக்குப் பின் அந்த விமானம் எத்தனை நாள் தரையில் நின்றது என்று பாருங்கள். சக்கரம் மட்டும் போனால் ஓரிரு நாளில் பறந்துவிடலாம். வாரக்கணக்கில் நின்றால் ஃப்ளாப்போ (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு), கியர் தண்டோ, உடற்பகுதியோ சேதமாகியிருக்க வாய்ப்புண்டு. செய்தியாளர்கள் இதைச் செய்வதே இல்லை, ஆனால் சேதத்தின் அளவை ஊகிக்க இதைவிட நல்ல அடையாளம் வெளியாருக்குக் கிடைக்காது. கட்டணமில்லாமல் 7 நாள் வரலாறு கிடைக்கும். சில்வர் திட்டத்தில் 90 நாள், கோல்டில் 365 நாள். எப்போதாவது பார்ப்பவருக்கு இலவசமே போதும். விமானச் செய்தி எழுதுபவருக்கு சில்வர் அவசியம்.

ஏவியேஷன் ஹெரால்ட்: அடைமொழி இல்லாத தலைப்பு

இது பழைய பாணித் தளம். படங்கள் குறைவு, எழுத்து பொடி, எல்லாம் ஆங்கிலம். ஆனாலும் சக்கரச் செய்திகளுக்கு இதைவிடச் சிறந்த பொதுச் சேவை இல்லை என்பதே என் முடிவு. காரணம் தலைப்பிலேயே தெரியும். வகை, விமான நிறுவனம், ரகத்தின் குறியீடு, இடம், தேதி, என்ன ஆயிற்று என்பதற்கு மூன்று நான்கு சொல். 'நடுவானில் திகில்', 'பயணிகள் அலறல்' எதுவும் இருக்காது. ரகக் குறியீடுகள் முதலில் புரியாது. பி738 என்றால் 737-800, பி772 என்றால் 777-200, ஏ320 அப்படியே, டிஎச்8டி என்றால் கியூ400. பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் பழகிவிட்டால் போதும்.

ஒவ்வொரு பதிவும் ஐந்து வகைகளுள் ஒன்றில் வரும்: நொறுங்கல், விபத்து, சம்பவம், செய்தி, அறிக்கை. 'விபத்து', 'சம்பவம்' என்பவை வெறும் சொல் வேறுபாடு அல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, விபத்து எது என்று வரையறுக்கிறது. உயிரிழப்பு, பலத்த காயம், விமானத்தின் கட்டமைப்பு வலிமையைப் பாதிக்கும் சேதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் விபத்து. அதே வரையறைக்குள் ஒரு விலக்குப் பட்டியலும் உண்டு. இறக்கை நுனி, ஆன்டெனா, டயர், பிரேக், சக்கரம், லேண்டிங் கியர் கதவு போன்றவற்றோடு சேதம் நின்றுவிட்டால் அது விபத்தாகாது. ஆகவே டயர் வெடித்து விமானம் பத்திரமாக நின்ற நிகழ்வை 'விமான விபத்து' என்று எழுதும் நாளிதழ், விமானத்துறை எதை விபத்து என்று சொல்கிறதோ அதற்கு நேர்மாறாக எழுதுகிறது. கழன்ற டயர்த் துண்டு ஃப்ளாப்பைக் கிழித்து உட்கட்டமைப்பைச் சேதப்படுத்தியிருந்தால் கதை மாறும். ஹெரால்டில் ஒரு பதிவு பின்னாளில் 'சம்பவம்' என்பதிலிருந்து 'விபத்து' ஆக மாறினால், அதைக் கவனியுங்கள். சேதம் முதலில் நினைத்ததைவிடப் பெரிது என்று அர்த்தம்.

இன்னொரு நல்ல பழக்கம், பழைய பதிவின் கீழேயே புதுத் தகவலைத் தேதியோடு சேர்த்துக்கொண்டே போவது. முதல் நாள் பயணி சொன்னது, மறுநாள் நிறுவனம் சொன்னது, மாதம் கழித்துப் புலனாய்வு அமைப்பு சொன்னது எல்லாம் அடுக்கடுக்காகக் கிடக்கும். அடியில் அந்த நேரத்து வானிலைக் குறிப்பான மெட்டாரும் இருக்கும். முகப்புப் பட்டியலை நிகழ்ந்த தேதிப்படி மட்டுமின்றி, புதுப்பித்த வரிசைப்படியும் அடுக்கிப் பார்க்கலாம். அந்த இரண்டாவது வரிசைதான் உண்மையான பொக்கிஷம், ஏனென்றால் ஊடகங்கள் மறந்துபோன சம்பவத்தின் காரணம் அங்கேதான் மேலெழும்.

நான்கு வேறு பழுதுகள், ஒரே தலைப்பு

செய்திகளில் 'சக்கரத்தில் கோளாறு' என்று ஒரே பெயரில் வருவது உண்மையில் நான்கு வெவ்வேறு பழுது. காரணமும் வேறு, ஆபத்தும் வேறு. இதைப் பிரித்துக் காட்டுவதில்தான் ஹெரால்டின் தரம் தெரிகிறது.

முதல் வகை, சக்கரம் முழுசாகக் கழல்வது. 2024 மார்ச் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஜப்பானின் ஒசாகாவுக்குக் கிளம்பிய யுனைடெட் 35, போயிங் 777-200. மேலெழுந்த உடனேயே இடப்பக்கச் சக்கரம் ஒன்று கழன்று, விமான நிலைய ஊழியர்களின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்து கார்களை நசுக்கியது. அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. 249 பேரோடு விமானம் லாஸ் ஏஞ்சலஸில் பத்திரமாக இறங்கியது. 777-ன் ஒவ்வொரு பிரதான கியரிலும் ஆறு சக்கரம். ஒன்று போனால் ஐந்து மிச்சம். உள்ளே இருந்தவர்களைவிடக் கீழே நடந்துபோகிறவருக்குத்தான் உண்மையான ஆபத்து, நூறு கிலோவைத் தாண்டும் சக்கரம் அது. அதே ஆண்டு ஜூலை 8 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர் போன யுனைடெட் 757-லும், 2025 மார்ச் 13 அன்று கராச்சியிலிருந்து லாகூர் போன பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏ320-லும், 2025 செப்டம்பர் 12 அன்று கண்ட்லாவிலிருந்து மும்பை வந்த ஸ்பைஸ்ஜெட் கியூ400-லும் சக்கரம் கழன்றது. எல்லாமே பத்திரமாக இறங்கின. கடைசி இரண்டில் ஒரு காலுக்கு இரண்டே சக்கரம் என்பதால், 777-ஐவிட அங்கே மிச்சமிருக்கும் பாதுகாப்பு குறைவு. ஊடகத்தில் இந்த வித்தியாசம் ஒரு வரிகூட வராது.

சக்கரம் ஏன் கழல்கிறது? ஆக்சிலின் (சக்கரம் மாட்டும் அச்சு) மேல் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள். அவற்றின் மேல் சக்கரம் சுழலும், வெளியே பெரிய ஆக்சில் நட் அதைப் பிடித்திருக்கும். மாட்டும்போது பேரிங்குக்குள் கிரீஸை நன்றாக அழுத்தி நிரப்ப வேண்டும். ஸ்பேசரை விடாமல் போட வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை முதலில் அதிக டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி பேரிங்கை உட்கார வைக்க வேண்டும். பிறகு தளர்த்தி, கையேடு சொல்லும் குறைந்த டார்க்கில் மறுபடி முறுக்கி, பூட்டுப் போட வேண்டும். சுழற்றாமல் முறுக்கினால் உருளைகள் சரியாக உட்காராது. சில முறை ஓடியதும் நட் தளர்ந்து நிற்கும். முதல் முறுக்கோடு விட்டுவிட்டால் பேரிங் இறுகிச் சூடேறும். கிரீஸ் போதாவிட்டாலோ, உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவும்போது நீர் உள்ளே புகுந்தாலோ பேரிங் துருப்பிடித்து, உருளைகள் சிதைந்து, கடைசியில் சக்கரத்தைப் பிடித்துவைக்க எதுவுமே இல்லாமல் போகும். தரையில் இருக்கும்வரை விமானத்தின் எடை அதை அழுத்தி நிறுத்திவைத்திருக்கும். எடை நீங்கிய நொடியில் உருவிக்கொண்டு விழும். மேலெழும் தருணத்திலேயே பல சக்கரங்கள் விழுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் வகை டயர். இதில்தான் மக்கள் செத்திருக்கிறார்கள். பெரிய விமானத்தின் டயர் அழுத்தம் 200 பிஎஸ்ஐ சுற்றளவில் இருக்கும். உள்ளே நைட்ரஜன். பிரேக் சூடு எல்லை மீறினால் சக்கரத்தில் உள்ள உருகு பிளக்குகள் உருகிக் காற்றை மெல்ல வெளியேற்றும். புறப்பாட்டை அதிவேகத்தில் கைவிட்ட பின், விமானம் நின்று சில நிமிடம் கழித்து டயர்கள் ஒவ்வொன்றாக அமுங்குவது இதனால்தான். அது பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்ததன் அடையாளம், 'டயர்கள் வெடித்தன' என்று எழுதுவது தவறு.

1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா 940, போயிங் 727. நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பிய டயர், சூடேறிய பிரேக்கோடு உள்ளே இழுக்கப்பட்டு, அங்கேயே வெடித்து எரிபொருள், ஹைட்ராலிக் குழாய்களை அறுத்தது. 167 பேர் இறந்தார்கள். பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற அமெரிக்க விதி இதன் பின் வந்தது. 1991 ஜூலை 11 அன்று ஜெட்டா. யாத்ரீகர்களை நைஜீரியாவுக்கு ஏற்றிக் கிளம்பிய நேஷன்ஏர் டிசி-8. டயரில் அழுத்தம் குறைவு என்பது முன்பே தெரிந்தும் நிரப்பாமல் விட்டார்கள். அழுத்தம் குறைந்த டயர் தன் சுமையைப் பக்கத்து டயரின் மேல் தள்ளியது. இரண்டும் ஓடுபாதையிலேயே சிதைந்து, உரசலில் தீப்பிடித்தது. எரிகிற சக்கரத்தை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது விமானம். 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 2008 செப்டம்பரில் தென் கரோலினாவின் கொலம்பியாவில் லியர்ஜெட் 60 ஒன்று நொறுங்கி 4 பேர் இறந்ததற்கும் மூலகாரணம் அழுத்தம் குறைந்த டயர்கள்தான்.

அழுத்தத்தைப் பார்ப்பது மிகச் சாதாரண வேலை, அதனால்தான் தவறவிடப்படுகிறது. பறந்து இறங்கிய பின் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். டயர் நல்ல நிலையில் இருந்தாலே ஒரு நாளில் 5 விழுக்காடுவரை இறங்கலாம். டயர் தயாரிப்பாளர்களின் பராமரிப்புக் கையேடுப்படி, உரிய அழுத்தத்தில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த டயரைக் கழற்ற வேண்டும், 80-க்குக் கீழே போனால் அதே ஆக்சிலில் உள்ள ஜோடி டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், ஏனென்றால் அது கூடுதல் சுமை தாங்கி உள்ளே நைந்திருக்கும். விமான டயர் கண்ணுக்கு அமுங்கியது போலத் தெரியாது. பக்கத்து டயர் தாங்கி நிற்பதால் 80 விழுக்காட்டில் இருப்பதும் முழு அழுத்தத்தில் இருப்பதும் பார்வைக்கு ஒன்றுதான்.

சக்கரம் வானிலிருந்து விழும் காணொளிக்கு ஒரு வாரம் நேரலை கிடைக்கிறது. அழுத்தமானியை வைத்துப் பார்க்காமல் கையெழுத்திடும் பழக்கத்துக்கு ஒரு நாளும் செய்தி கிடைப்பதில்லை. இங்கே இரண்டு சேவைகளும் போதாமல்தான் போகின்றன. ஃப்ளைட்ரேடார்24-க்கு இது தெரியவே வழியில்லை. ஹெரால்டில் டயர் வெடித்ததாக ஒரு வரி வரும். ஏன் என்பது புலனாய்வு அறிக்கை வெளியானால்தான் தெரியும், எல்லா நாடுகளிலும் அது வெளியாவதில்லை.

மூன்றாம் வகை, கியர் இறங்காதது. பெரும்பாலும் மாற்று வழி இருக்கும். 737-ல் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு மூடி. திறந்தால் மூன்று கைப்பிடி, காலுக்கு ஒன்று. இழுத்தால் பூட்டு விடுபட்டுக் கியர் தன் எடையாலேயே விழும். 2011 நவம்பர் 1 அன்று போலந்தின் லாட் 16, போயிங் 767, வார்சாவில் கியர் இல்லாமல் வயிற்றால் இறங்கியது. 231 பேரும் பிழைத்தார்கள். ஹைட்ராலிக் கசிவுக்குப் பின் மாற்று அமைப்பும் இயங்காததற்குக் காரணம், விமானி அறையில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே தள்ளியிருந்தது. இறங்கிய பின் விமானத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கரை உள்ளே தள்ளியதும் கியர் ஒழுங்காக இறங்கியது. இந்த விவரத்தை நேரலையில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நான்காவது, முன்சக்கரம் குறுக்கே திரும்பிக்கொள்வது. 2005 செப்டம்பர் 21 அன்று ஜெட்புளூ 292, ஏ320. ஏறத்தாழ மூன்று மணி நேரம் எரிபொருளை எரித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் தீப்பொறி பறக்க இறங்கியது, யாருக்கும் காயமில்லை. பயணிகள் இருக்கைத் திரையில் தங்கள் விமானத்தைப் பற்றிய நேரலையைத் தாங்களே பார்த்தார்கள். தொலைக்காட்சிக்குத் தெரியாத விவரம் அமெரிக்க விபத்துப் புலனாய்வு அமைப்பான என்டிஎஸ்பி விசாரணையில் வந்தது: சக்கரம் திரும்பாமல் தடுக்கும் உலோகக் காதுகள் களைத்து முறிந்திருந்தன, ஸ்டியரிங் கணினி இறங்குமுன் செய்யும் சோதனைகள் திரும்பத் திரும்ப அவற்றை அலைக்கழித்ததால்.

யார் பெயர் தலைப்பில் வர வேண்டும்

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9-ன் கதவு அடைப்பு (பயன்படுத்தாத கதவு வாயை மூடும் பலகை) பறந்த பின், சக்கரம் கழன்ற ஒவ்வொரு செய்தியிலும் போயிங் பெயர் முன்னே வந்தது. கதவு அடைப்பு தயாரிப்பாளரின் தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் முன்சக்கரத்தை இழந்த டெல்டா 757-ஐப் பாருங்கள். 757 தயாரிப்பு 2004-லேயே நின்றுவிட்டது. அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். டயரும் சக்கரமும் ஒரு விமானத்தின் ஆயுளில் எத்தனையோ முறை மாற்றப்படுபவை. அவற்றுக்குப் பொறுப்பு விமான நிறுவனமும் அதன் பராமரிப்பு ஒப்பந்ததாரரும். ஹெரால்ட் விமான நிறுவனத்தை முதலில் போட்டு, ரகத்தைப் பின்னால் போடுவது இதில் நியாயமான வரிசை.

இந்தத் தளத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சுருக்கெழுத்துகள் புதியவரை விரட்டும். சம்பவங்கள் வெளியே சொல்லப்படும் நாடுகள்தான் அதிகம் இடம்பெறும். ஒரு நாட்டின் பெயர் அதிகம் வருவதால் அங்கே பாதுகாப்பு மோசம் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். மொத்தப் பயணங்களின் எண்ணிக்கை பக்கத்தில் இல்லாமல், 'இந்த மாதம் இத்தனை சக்கரச் சம்பவம்' என்பதற்குப் பொருளே இல்லை. பதிவுகளுக்குக் கீழே வாசகர் எழுதுவதில் தொழில்நுட்பர்களும் உண்டு, ஊகிப்பவர்களும் உண்டு. அதிலிருந்து எடுத்துச் செய்தி போடாதீர்கள்.

திருச்சிச் சம்பவத்தில் ஒரு முரண்பாடு பலரைக் குழப்பியது. விமான நிலையத்தில் முழு அவசரநிலை அறிவிக்கப்பட்டு, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் நின்றன. விமான நிறுவனமோ, விமானிகள் அவசரநிலை அறிவிக்கவில்லை, முன்னெச்சரிக்கையாக இறங்கினார்கள் என்றது. ஒருவர் பொய் சொல்கிறார் என்றே பலரும் முடிவு கட்டினார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். முழு அவசரநிலை என்பது தரையில் இருப்பவர்கள் தயார்நிலைக்காக அறிவிப்பது. மேடே (உயிராபத்து), பான்-பான் (அவசரம்) என்பவை விமானி ரேடியோவில் சொல்பவை. ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்கும்.

செய்தி அறையில் இருப்பவர் முதல் ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டியவை சிலதான்: எந்தச் சக்கரம், அந்தக் காலில் மொத்தம் எத்தனை, எந்தக் கட்டத்தில் போனது, இறங்கிய பின் விமானம் இழுவை வண்டி இல்லாமல் தானே ஓடுபாதையிலிருந்து வெளியே வந்ததா, பயணிகள் படிக்கட்டில் இறங்கினார்களா, சறுக்குப் பலகையிலா. படிக்கட்டு என்றால் விமானியே உயிராபத்து இல்லை என்று முடிவு செய்துவிட்டார். இவற்றில் ரகமும் பாதையும் ஃப்ளைட்ரேடார்24-ல் உடனே கிடைக்கும், மற்றவை சில மணி நேரத்தில் ஹெரால்டில் வரத் தொடங்கும். 13-ஆம் இணைப்பின்படி முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு 12 மாதம் இலக்கு. நாட்குறிப்பில் அந்த இரண்டு தேதிகளையும் குறித்துவைத்துவிட்டு, ஹெரால்டின் புதுப்பித்த வரிசையில் அதே பதிவு எண்ணைத் தேடுங்கள். ஆக்சில் நட்டா, பேரிங்கா, அழுத்தமா என்பது அன்றுதான் தெரியும்.